கிட்னிக்குக் கீழே இறங்காத மாமனார்

அத்தியாயம் 14

போன வாரம் படீரென்று கதவைச் சாத்திக்கொண்டு அறைக்குள் போனாளே பொடிசு, அவள் இன்னும் உள்ளேயேதான் இருக்கிறாளா என்று கவலைப்பட்டுக் கடிதம் எழுதிய வாசகிகளுக்கு: வெளியே வந்துவிட்டாள். ராத்திரிச் சாப்பாட்டுக்கே வந்துவிட்டாள். கோபம் வேறு, பசி வேறு.

ஆனால் அப்பாவோடு பேசவில்லை. அப்பாவும் பேசவில்லை. நடுவில் அம்மா மட்டும் இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசிக்கொண்டிருந்தாள்.

புதிதாக வருபவர்களுக்கு நாலு வரி. பொடிசு என்றால் ஏதோ சின்னக் குழந்தை என்று நினைத்துவிடாதீர்கள். ஐந்தடி எட்டங்குலம், இருபத்து நாலு வயது, டாக்டர் படிப்பை முடித்தவள். கடைக்குட்டி என்பதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. மேற்படிப்புக்கு நல்ல ரேங்க் வாங்கியிருக்கிறாள். அவளுக்கு வேண்டியது அறுவை சிகிச்சை. ஆனால் அவள் அப்பா, ரிட்டயரான ஸ்டேஷன் மாஸ்டர், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து எந்தப் படிப்பு, எந்த ஆஸ்பத்திரி என்ற விருப்பப் பட்டியலைத் தன் கையாலேயே நிரப்பிவிட்டார். முதலில் தோல். அடுத்தது கண். அறுவை சிகிச்சைக்குப் பத்தொன்பதாவது இடம்.

"பொம்பளைப் பிள்ளைக்கு எதுக்கும்மா கத்தி? தோல்னா ராத்திரியில யாரும் கூப்பிட மாட்டாங்க. சொறியெல்லாம் காலையில பத்து மணிக்கு மேலதான் வரும்." இது அவருடைய வாதம். இதற்கு என்ன பதில் சொல்வது என்று எனக்கே தெரியவில்லை.

இன்று வியாழன். மாலை ஐந்து மணிக்குப் பட்டியலைப் பூட்டிவிடுவார்கள். அதற்குள் மாற்றவேண்டும் என்றால் ஓ.டி.பி. வேண்டும். அந்த ஓ.டி.பி. வருவது ஸ்டேஷன் மாஸ்டரின் போனுக்கு. அந்தப் போன் இருப்பது அவர் சட்டைப் பையில். தூங்கும்போதுகூடச் சட்டையைக் கழற்றாமல் தூங்குகிற மனிதரை என்ன செய்வது?

இதில் வாயே திறக்காத ஒரே ஆள், நம்முடைய டாக்டர் அண்ணி. பொடிசுக்கு அண்ணி, ஸ்டேஷன் மாஸ்டருக்கு மருமகள். பெரிய ஆஸ்பத்திரியில் பதினொரு வருடமாக யூராலஜி டாக்டர். சிறுநீரகம், சிறுநீர்ப்பை, புராஸ்டேட், அதற்குக் கீழே இருப்பவை எல்லாம் அவள் ராஜ்ஜியம். அவள் பார்க்கும் நோயாளிகளில் முக்கால்வாசிப் பேர் ஆண்கள்.

மருமகள் என்ன டாக்டர் என்று யாராவது கேட்டால் ஸ்டேஷன் மாஸ்டர் "பெரிய டாக்டர்" என்பார். விடாமல் கேட்டால் "கிட்னி" என்பார். பதினொரு வருடத்தில் கிட்னிக்குக் கீழே அவர் இறங்கியதே இல்லை.

*

காலை ஏழரைக்கெல்லாம் ஸ்டேஷன் மாஸ்டர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்.

"இவ்வளவு சீக்கிரம் எங்கே?" என்றாள் அவர் மனைவி.

"கூட வேலை பார்த்தவனுக்கு உடம்பு சரியில்ல. ஒரு எட்டு பார்த்துட்டு வந்துடறேன்."

"சாப்பிட்டுட்டுப் போங்க."

"வேண்டாம்."

சாப்பாட்டை வேண்டாம் என்று அவர் சொன்னது அந்த வீட்டின் சரித்திரத்திலேயே இல்லை. மனைவிக்கு அப்போதே உறைத்திருக்கவேண்டும். குக்கர் மூன்றாவது விசில் அடித்ததில் கவனிக்காமல் விட்டுவிட்டாள்.

உடம்பு சரியில்லாத நண்பர் என்று யாரும் கிடையாது. சரியில்லாதது இவர் உடம்புதான். மூன்று மாதமாகவே சிறுநீர் கழிக்கச் சிரமம். நின்றால் வராது, வந்தால் நிற்காது. என்ன வியாதி என்று அவருக்குத் தெரியும். யாரிடம் காட்டவேண்டும் என்றும் தெரியும். அந்த ஆள் தினமும் அவர் எதிரில் உட்கார்ந்துதான் சாப்பிடுகிறாள். அதுதான் பிரச்சினையே!

போதாக்குறைக்கு இரண்டு நாளாக மூக்கொழுகல். மருந்துக் கடையில் சளி மாத்திரை வாங்கி இரண்டு ராத்திரியும் போட்டுக்கொண்டார். இன்று விடிந்ததிலிருந்து ஒரு சொட்டு வரவில்லை. தண்ணீர் குடித்தால் தள்ளிக்கொண்டு வந்துவிடும் என்று நினைத்து ஒன்றரை லிட்டர் குடித்துவைத்தார். இந்த வைத்திய முறையை எங்கே படித்தாரோ தெரியவில்லை.

பக்கத்து ஊரில் ஒரு யூராலஜி கிளினிக் இருக்கிறது, டாக்டர் ஆண் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். ரயிலில் ஒரு மணி பத்து நிமிடம். வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஏறினார். முப்பத்தாறு வருட சர்வீசில் எத்தனையோ ரயில் லேட்டானதைப் பார்த்திருக்கிறார். அன்றைக்கு அது ஐந்து நிமிடம் லேட்டானபோதுதான் முதன்முறையாக ரயில்வேயைத் திட்டினார்.

*

டாக்டர் அண்ணியின் ஓ.பி. எட்டரைக்குத் தொடங்கிவிடும். அதே ஆஸ்பத்திரியில் ஒன்பதுக்குத் தன் வார்டின் ஆபரேஷன் தியேட்டரில் இருக்கவேண்டிய பொடிசு, அரை மணி நேரம் திருடிக்கொண்டு அண்ணியின் அறைக்கு வந்து ஓரமாக நின்றாள்.

முதலில் வந்தவர் ஒரு லாரி டிரைவர். பெரிய மீசை. கூடவே மனைவி.

"டாக்டர் எப்பம்மா வருவாரு?"

"வந்தாச்சு. உக்காருங்க."

அவர் கதவுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். திரைக்குப் பின்னாலும் பார்த்தார்.

"நீங்க நர்ஸம்மாதானே?"

"டாக்டர்தான். என்ன தொந்தரவு?"

"அது… வந்து… காய்ச்சல்."

"ஏங்க, காய்ச்சலுக்கா மூணு பஸ் மாறி வந்தோம்?" என்றாள் மனைவி.

அண்ணி தலை நிமிரவே இல்லை. ஏதோ எழுதிக்கொண்டே கேட்டாள். "என்ன வண்டி ஓட்டறீங்க?"

"பத்து சக்கரம்மா."

"அடேயப்பா. லாங் டிரிப்பா? நடுவுல எத்தனை மணி நேரத்துக்கு ஒரு தடவை நிறுத்துவீங்க?"

"முன்னாடியெல்லாம் அஞ்சு மணி நேரம் ஒரே ஓட்டம். இப்போ அரை மணிக்கு ஒரு தடவை ஓரங்கட்ட வேண்டியிருக்கு. இறங்கினா வரமாட்டேங்குது. ஏறினா முட்டுது. கிளீனர் சிரிக்கறான்."

"எரிச்சல்?"

"லேசா இருக்கும்மா."

அவ்வளவுதான். சொல்லவே கூடாது என்று வந்த மனிதர் இரண்டு நிமிடத்தில் எல்லாவற்றையும் சொல்லி முடித்திருந்தார். சொல்லிவிட்டோம் என்று அவருக்கே தெரியாது. பொடிசு வாயைப் பொத்திக்கொண்டாள்.

அடுத்து ஒரு தையல்காரப் பெண்மணி. நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். தும்மினால், சிரித்தால், கனமாக எதையாவது தூக்கினால் கொஞ்சம் நனைந்துவிடுகிறது.

"எவ்வளவு நாளா?"

"பன்னிரண்டு வருஷம்."

"பன்னிரண்டு வருஷமா யாருகிட்டயும் காட்டலையா?"

"ஆம்பளை டாக்டருங்ககிட்ட எப்படிம்மா சொல்றது? கல்யாண வீட்டுக்குப் போறதில்ல. யாரு ஜோக் சொன்னாலும் எழுந்து போயிடுவேன். எல்லாரும் நான் திமிர் பிடிச்சவன்னு நெனச்சுட்டிருக்காங்க. இங்க பொம்பளை டாக்டர் இருக்காங்கன்னு போன வாரம்தான் கேள்விப்பட்டேன்."

"இது சரி பண்ணக்கூடியதுதான். இன்னும் ஆறு மாசத்துல நீங்க வயிறு குலுங்கச் சிரிக்கலாம்."

அந்தப் பெண்மணி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவள் போனதும் பொடிசு கதவைச் சாத்தினாள்.

"அண்ணி, இப்படி ஒரு வேலையைப் பண்ணிக்கிட்டு எனக்காக ஒரு வார்த்தை பேசமாட்டேங்கறீங்களே. அப்பா நீங்க சொன்னா கேப்பாரு."

"கேக்க மாட்டாரு."

"சொல்லிப் பாத்தீங்களா?"

அண்ணி பேனாவை மூடினாள். "நான் சொல்லி நீ எடுத்து, நாளைக்கு ஒரு கஷ்டம் வந்தா என் முகம்தான் உனக்கு ஞாபகம் வரும். எனக்கு நடந்ததெல்லாம் உனக்குத் தெரியாது."

"சொல்லுங்க. தெரிஞ்சுக்கறேன்."

"இன்டர்வியூல ஆம்பளைப் பசங்ககிட்ட கிட்னிக் கல்லை எப்படி உடைப்பீங்கன்னு கேட்டாங்க. என்கிட்ட கல்யாணம் எப்பன்னு கேட்டாங்க. உன் மருமகன் வயித்துல இருந்தப்போ எக்ஸ்ரே இருக்குன்னு தியேட்டர் பக்கமே விடல. சரி, குழந்தைக்காக. ஆனா திரும்பி வந்தா, எனக்கு அப்புறம் சேர்ந்தவன் எனக்கு முன்னாடி நிக்கறான். எட்டு மாசம்தான், அதைப் பிடிக்க மூணு வருஷம் ஆச்சு."

"ம்."

"தியேட்டர்ல உடை மாத்த ரெண்டு ரூம். ஒண்ணுல 'டாக்டர்கள்'னு போர்டு. இன்னொண்ணுல 'செவிலியர்கள்'னு போர்டு. டாக்டர்கள் ரூம் முழுக்க ஆம்பளைங்க. நான் நாலு வருஷம் செவிலியர் ரூம்லதான் மாத்தினேன். நாளைக்கு எந்தக் கேஸ் யாருக்குன்னு அவங்க முடிவு பண்றது அந்த ரூம்ல, சட்டை மாத்தும்போது. நான் வந்து கேட்டா, 'அடடா, உன்னை மறந்தே போயிட்டோமேம்மா'ம்பாங்க."

"அப்புறம் என்ன பண்ணீங்க?"

"கதவுக்கு வெளியே ஒரு ஸ்டூல் போட்டு உக்காந்துட்டேன். உள்ளே பேசறது நல்லா கேக்கும். 'அந்தக் கல்லு கேஸ் எனக்கு சார்'னு வெளியிலேருந்தே கத்துவேன்."

பொடிசு சிரித்துவிட்டாள். அண்ணிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் கேட்ட கேள்விக்குப் பதில் வரவில்லை என்பதைப் பொடிசு கவனிக்காமல் இல்லை.

"எனக்கு தியேட்டர்ல மூணு மணி வரைக்கும் ஆகும்," என்றாள் பொடிசு. "உள்ளே போன் கொண்டுபோக முடியாது. மூணு மணிக்கு நேரா வீட்டுக்குப் போய் அப்பா கால்ல விழப்போறேன். வேற வழி இல்ல."

*

பக்கத்து ஊர் கிளினிக்கில் ஸ்டேஷன் மாஸ்டரின் முறை வரப் பதினொன்றரை ஆனது. அதற்குள் அவர் உட்கார முடியாமல், நிற்க முடியாமல், சுவரைப் பிடித்துக்கொண்டு வளைந்து நின்றார். வயிறு கல்லாகியிருந்தது.

டாக்டர் ஆண்தான். சின்ன வயது. உடனே படுக்கவைத்துக் குழாய் செருகிப் பார்த்தார். போகவில்லை. கொஞ்சம் பொறுத்து இன்னொரு முறை. போகவில்லை, ரத்தம்தான் வந்தது. ஸ்டேஷன் மாஸ்டர் ஐயோ என்று கத்தியது வெளியே உட்கார்ந்திருந்தவர்களுக்கெல்லாம் கேட்டது. இரண்டு பேர் எழுந்து வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

சின்ன டாக்டர் கையுறையைக் கழற்றினார். "ஐயா, இதுக்கு மேல நான் முயற்சி பண்ணினா கெடுத்துடுவேன். எங்க மேடத்துக்கிட்ட அனுப்பறேன். நாலு வருஷம் நான் அவங்ககிட்டதான் தொழில் கத்துக்கிட்டேன்."

"எந்த மேடம்?"

"பெரிய ஆஸ்பத்திரி யூராலஜி மேடம்."

ஸ்டேஷன் மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டார். "வேற… ஆம்பளை டாக்டர் யாரும் இல்லையாப்பா?"

"இருக்காங்கய்யா. ஆனா உங்க இடத்துல நான் படுத்திருந்தா, நானே அவங்ககிட்டதான் போவேன்."

யாரிடமிருந்து தப்பிக்க ஒரு மணி பத்து நிமிடம் ரயிலில் வந்தாரோ, அவளிடமே ஆம்புலன்சில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இதைத்தான் விதி என்பதா, வேறு என்ன சொல்வது!

போனில் சின்ன டாக்டர் விவரம் சொன்னார். "மேடம், ஒரு பேஷன்ட் அனுப்பறேன். அறுபத்தெட்டு வயசு, காலையிலேருந்து அடைச்சுடுச்சு. ரெண்டு தடவை டியூப் போகல. ரிட்டயர்ட் ஸ்டேஷன் மாஸ்டர்."

இந்தப் பக்கம் பேனாவைக் கீழே வைக்கும் சத்தம்.

"வெள்ளைச் சட்டையா?"

"ஆமா மேடம். எப்படித் தெரியும்?"

"அனுப்புங்க," என்றாள் டாக்டர் அண்ணி.

*

ஆம்புலன்ஸ் கிடைத்து வந்து சேர்ந்தபோது மணி இரண்டே கால். ஸ்ட்ரெச்சரில் கிடந்தவர் மருமகளைப் பார்த்ததும் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அவள் வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். ஸ்கேன் கருவியை வைத்துப் பார்த்தாள். சிறுநீர்ப்பை தொப்புளைத் தாண்டி நின்றது. இன்னும் நேரம் போனால் கிட்னி இரண்டும் கெடும். அவளுக்குள் கோபமும் பயமும் சேர்ந்து வந்தது. இரண்டையும் விழுங்கிக்கொண்டாள்.

"மாமா, இங்க பாருங்க. ஜூனியர் டாக்டர் இருக்காரு, ஆம்பளைப் பையன். நல்லா பண்ணுவாரு. நான் திரைக்கு அந்தப் பக்கம் நின்னு சொல்லிக்கொடுக்கறேன். இல்ல, நானே பண்ணணும்னாலும் பண்றேன். உங்க இஷ்டம்தான். ஆனா சீக்கிரம் சொல்லுங்க."

ஸ்டேஷன் மாஸ்டருக்கு வியர்த்துக்கொண்டிருந்தது. "அந்தப் பையன் இந்த மாதிரி எத்தனை பண்ணியிருக்கான்?"

"இந்த மாதிரி சிக்கினது? பத்துப் பதினஞ்சு இருக்கும்."

"நீ?"

"எண்ணறதை நிறுத்தி ஏழெட்டு வருஷம் ஆச்சு மாமா."

அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். "நீயே பண்ணும்மா."

அண்ணி பச்சைத் துணியால் அவரை முழுக்கப் போர்த்தினாள். வேலைக்கு வேண்டிய இடத்தைத் தவிர ஒரு விரற்கடைகூட வெளியே தெரியாது. எந்த ஆண் வந்தாலும் அப்படித்தான் செய்வாள். நுனி லேசாக வளைந்த குழாயைக் கேட்டு வாங்கினாள்.

"மாமா, நீங்க பார்த்ததுலேயே ரொம்ப லேட்டா வந்த வண்டி எது?"

"இப்ப எதுக்கும்மா அது?"

"சொல்லுங்களேன்."

"ஒரு வெள்ளத்துல… பதினேழு மணி நேரம் லேட்டு. பிளாட்பாரம் முழுக்க ஜனம். எனக்கு அப்போ முப்பது வயசுகூட ஆகல. ஒரு கர்ப்பிணிப் பொண்ணு வேற. என் ரூமைத் திறந்துவிட்டு…"

"விட்டு?"

"அங்கேயே பிரசவம்… ஆ!… அப்பாடா."

அந்த 'அப்பாடா' ஆஸ்பத்திரியின் இரண்டாவது மாடி வரை கேட்டிருக்கும். பை நிறைய நிறைய அவர் முகம் இளகியது. ஒன்றே கால் லிட்டர். கண்ணோரத்தில் தண்ணீர் வழிந்து காதுக்குள் போனது, துடைக்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

"என்ன குழந்தை?" என்றாள் அண்ணி, குழாயை ஒட்டிக்கொண்டே.

"பொண்ணு," என்றார்.

எல்லாம் முடிந்து மற்றவர்கள் நகர்ந்த பிறகுதான் அவள் கேட்டாள். "சளிக்கு மாத்திரை போட்டீங்களா?"

"உனக்கு எப்படித் தெரியும்?"

"புராஸ்டேட் வீங்கினவங்க அதைப் போட்டா இப்படித்தான் அடைச்சுக்கும். ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். மாமா, பதினொரு வருஷமா ஊர்ல இருக்கற அப்பாக்களுக்கெல்லாம் நான் பாக்கறேன். எங்க வீட்டு அப்பா ரயிலேறி வேற ஊருக்குப் போறாரு. எனக்கு எப்படி இருக்கும், சொல்லுங்க?"

"கூச்சமா இருந்துச்சும்மா."

"கூச்சத்துக்குக் கிட்னியைக் குடுக்கறதா?"

அவர் கையை நீட்டி அவள் விரலைப் பிடித்துக்கொண்டார். மன்னிப்புக் கேட்கத் தெரியாத மனிதர். அதற்கு மேல் அவரால் முடியாது.

*

பொடிசு வீட்டுக்கு ஓடியபோது அம்மா வாசலிலேயே நின்றாள். "அப்பாவை உங்க ஆஸ்பத்திரியிலதான் படுக்க வச்சிருக்காங்களாம். அண்ணி போன் பண்ணினா. பயப்பட ஒண்ணுமில்லையாம். உனக்குத்தான் போனே போகல."

வந்த ஆட்டோவிலேயே திரும்பினாள். வழியில் ஒரு லாரி, ஒரு பள்ளிக்கூட பஸ், ஒரு குழாய்ப் பள்ளம். ஆண்கள் வார்டுக்குள் அவள் மூச்சு வாங்க நுழைந்தபோது நாலு நாற்பது.

உள்ளே ஸ்டேஷன் மாஸ்டர் தலையணையில் சாய்ந்து பக்கத்துப் படுக்கைக்காரரோடு பேசிக்கொண்டிருந்தார். அந்த மனிதர் ஒரு சமையல் கான்ட்ராக்டர், நாளைக்குக் கல் எடுக்கப்போகிறார்கள், பயத்தில் இருந்தார்.

"அந்த டாக்டரம்மா உங்களுக்கு வேண்டப்பட்டவங்களா? அடிக்கடி வந்து பாக்கறாங்களே."

"என் மருமக."

"அப்படியா! என்ன டாக்டருங்க? கிட்னியா?"

பொடிசு கதவருகிலேயே நின்றுவிட்டாள்.

ஸ்டேஷன் மாஸ்டர் தொண்டையைச் செருமினார். "கிட்னி. அப்புறம் யூரின் பை. புராஸ்டேட். அதுக்குக் கீழே ஆம்பளைங்களுக்கு இருக்கறது எல்லாம். ஒண்ணு விடாம. எனக்கே இன்னைக்கு அவதான் பண்ணினா. முன்னாடி ஒருத்தர் ரெண்டு தடவை குத்திக் கிழிச்சு அனுப்பினாரு, இவ கதை கேட்டுக்கிட்டே முடிச்சுட்டா. நாளைக்கு உங்களுக்கும் அவதான் பண்ணப்போறா. நிம்மதியா தூங்குங்க."

வார்டில் பத்துப் படுக்கை. பத்துப் பேருக்கும் கேட்கும்படிதான் சொன்னார். பிளாட்பாரத்தில் அறிவிப்புச் செய்த தொண்டை அது. மருந்துச் சீட்டுப் பார்த்துக்கொண்டிருந்த டாக்டர் அண்ணி அப்படியே நின்றாள். காது வரை சிவந்துவிட்டது அவளுக்கு. எழுதுகிற எனக்கே நெஞ்சு நிமிர்கிறது, அவளுக்கு எப்படி இருந்திருக்கும்!

"அப்பா," என்றாள் பொடிசு.

அவர் மகளைப் பார்த்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். நாலு நாற்பத்து மூன்று.

பொடிசு கேட்கவில்லை. குழாயும் பையுமாகப் படுத்திருப்பவரிடம் எப்படிக் கேட்பது?

"நீ சொல்லும்மா," என்றார் ஸ்டேஷன் மாஸ்டர், மருமகளைப் பார்த்து. "இத்தனை நாளா நீ வாயே திறக்கல. இவ கத்தி எடுக்கலாமா? உனக்குத் தெரியும். நீ பட்டிருக்கே. உன் பிள்ளை ஸ்கூல் விழாவுக்கு நாங்கதான் போனோம். நீ நின்னுக்கிட்டே சாப்பிட்டு ஓடினதெல்லாம் நான் பாத்திருக்கேன். அதனாலதான் தோல்னு போட்டேன். பொண்ணு கஷ்டப்படக் கூடாதுன்னுதான். வேற ஒண்ணும் இல்ல."

அண்ணி சீட்டைக் கீழே வைத்தாள்.

"கஷ்டம்தான் மாமா. அவளை நர்ஸம்மான்னு கூப்பிடுவாங்க. பெரிய டாக்டர் எங்கேன்னு அவகிட்டயே கேப்பாங்க. ஆம்பளைங்க ஒரு தடவை பண்ணிக் காட்டறதை இவ மூணு தடவை பண்ணிக் காட்டணும். குழந்தை பெத்துக்கிட்டா வரிசையில பின்னாடி போகணும். இதெல்லாம் மாறிட்டே வருது, ஆனா மாறிடுச்சுன்னு நான் பொய் சொல்ல மாட்டேன்."

பொடிசின் முகம் வாடியது.

"ஆனா மாமா, இந்தப் பதினொரு வருஷத்துல, வேற எதையாவது எடுத்திருக்கலாமேன்னு எனக்கு ஒரு நாள்கூடத் தோணினது இல்ல. அழுத அன்னைக்குக்கூட இல்ல. ஒரு நாள்கூட."

சமையல் கான்ட்ராக்டர் மூக்கை உறிஞ்சினார்.

"என் சட்டை எங்கே?" என்றார் ஸ்டேஷன் மாஸ்டர்.

நர்ஸ் அலமாரியிலிருந்து பையை எடுத்துக் கொடுத்தாள். வெள்ளைச் சட்டை, அதன் பையில் போன். பத்து சதவீதம் சார்ஜ். பொடிசு தன் போனில் பட்டியலைத் திறந்தாள். பத்தொன்பதாவது வரியைப் பிடித்து இழுத்து இழுத்து மேலே கொண்டுவந்தாள். நாலு ஐம்பத்து ஒன்று.

அண்ணி அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். முதல் வரியில் அறுவை சிகிச்சை. அதற்கு எதிரே அப்பா போட்டிருந்த இந்த ஆஸ்பத்திரியின் பெயர் இல்லை, மாற்றியிருந்தாள். வேறு ஊர். ரயிலில் போனால் ஒரு ராத்திரியும் ஒரு பகலும் ஆகும்.

"பொடிசு, இது…"

"இங்க இருந்தா நான் எத்தனை வருஷம் ஆனாலும் உங்க நாத்தனார்தான் அண்ணி," என்று பொடிசு உதடு அசையாமல் கிசுகிசுத்தாள். "நான் வேற கதவுக்கு வெளியே ஸ்டூல் போடணும்."

அண்ணிக்கு அவளைக் கட்டிக்கொள்ளவேண்டும் போலவும் இருந்தது, ஒரு அறை விடவேண்டும் போலவும் இருந்தது. பொடிசு பொத்தானை அழுத்திவிட்டாள்.

ஸ்டேஷன் மாஸ்டரின் போன் சிணுங்கியது.

ரயில்வேயில் 'லைன் கிளியர்' என்று ஒரு வழக்கம் உண்டு. வண்டியை அடுத்த ஸ்டேஷனுக்கு விடும் முன், அங்கே இருப்பவர் போனில் ஒரு எண்ணைச் சொல்வார். இங்கே இருப்பவர் அதைத் திருப்பிச் சொல்லவேண்டும். ஒரு எண் தவறினாலும் வண்டி நகராது. ஸ்டேஷன் மாஸ்டர் முப்பத்தாறு வருடம் அப்படித்தான் வண்டிகளை விட்டார். அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். பை ஆடியது, கவனிக்கவில்லை. போனைக் கண்ணுக்குத் தள்ளிப் பிடித்துக்கொண்டார்.

"நாலு. ஏழு. ஜீரோ. ரெண்டு. ரெண்டு. ஒன்பது. திருப்பிச் சொல்லு."

"நாலு, ஏழு, ஜீரோ, ரெண்டு, ரெண்டு, ஒன்பது."

"சரியா இருக்கு. லைன் கிளியர். வண்டியை விடு."

பொடிசு விட்டாள். நாலு ஐம்பத்து நாலு. திரையில் பச்சை நிறத்தில் 'ஏற்கப்பட்டது' என்று வந்தது. அவள் அப்படியே கட்டிலோரம் உட்கார்ந்து அப்பாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள், ஐந்தடி எட்டங்குலமும் குலுங்கக் குலுங்க.

"ஏய், டியூபை இழுத்துடாதே," என்றார். சொல்லிக்கொண்டே அவள் தலையைத் தடவினார். பிறகு பக்கத்துப் படுக்கைக்குத் திரும்பினார். "கேட்டீங்களா? என் பொண்ணு. இவளும் ஆபரேஷன் டாக்டர்தான். எங்க வீட்டுல இனிமே ரெண்டு பேரு."

"ரொம்ப சந்தோஷங்க," என்றார் சமையல் கான்ட்ராக்டர். "எந்த ஊர்ல படிக்கப் போறாங்க?"

"வேற எங்கே, இங்கதான். அண்ணி பக்கத்துலேயே," என்று சொல்லிவிட்டு, ஸ்டேஷன் மாஸ்டர் பெருமையோடு மகளின் முகத்தை நிமிர்த்தினார். "என்ன பொடிசு, சொல்லேன்."

பொடிசு அண்ணியைப் பார்த்தாள்.